கழுத்தில் ஒரு கட்டி, மனசுக்குள் எட்டு மாதப் பயம்

2024 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட்டில் வேலை முடிந்து ரயிலில் செம்பவாங் திரும்பிக்கொண்டிருந்தேன். யூ டீ தாண்டும்போது கைபேசியில் மின்னஞ்சல் வந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் செய்துகொண்ட முழு உடல் பரிசோதனையின் அறிக்கை, மொத்தம் பதினொரு பக்கம். சர்க்கரை சரி, கொழுப்பு சரி, ரத்தம் சரி. ஒன்பதாம் பக்கத்தில் தைராய்டு ஸ்கேன். வலது பக்கம் 1.6 செ.மீ. அளவில் ஒரு கட்டி, பக்கத்திலேயே ‘டைராட்ஸ் 4, மிதமான சந்தேகத்துக்குரியது’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கீழே, நிபுணரைப் பார்க்கவும் என்று ஒரு வரி. அவ்வளவுதான். யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. நான் போன் அடித்துப் பார்த்தேன், பரிசோதனை நிலையத்தை மூடிவிட்டார்கள், இனி திங்கட்கிழமைதான். செம்பவாங்கில் இறங்க மறந்துவிட்டேன். யீஷூன், காத்திப் எல்லாம் தாண்டி அங் மோ கியோவில் கதவு திறந்தபோதுதான் எங்கே இருக்கிறேன் என்றே தெரிந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது புற்றுநோய் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் சிலர் இந்த நிமிஷம் கழுத்தில் கை வைத்துத் தடவிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் ஒவ்வொன்றையும் படித்தேன். ஆனால் புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் மாதக்கணக்கில் நான் நோயாளியாகத்தான் வாழ்ந்தேன். 5,100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கைவிட்டுப் போனது. அந்த வருஷத்து விடுப்பு ஒரு நாள்கூட மிச்சமில்லை. பணமும் விடுப்பும் போனால் போகட்டும், என் பையன் என்னைப் பார்த்த பார்வை ஒன்று இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன். ‘இந்தப் பயத்துக்கும் ஒரு பேர் இருக்கு, இதுக்கும் வைத்தியம் இருக்கு’ என்று அப்போது ஒருவர் சொல்லியிருந்தால் இதில் பாதியாவது நடக்காமல் போயிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் போய்விட்டார். நான்கு மாதம் வயிற்று வலியை ஓமத் தண்ணியிலேயே ஓட்டினார். ‘வாயுதான்ம்மா’ என்பார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது கல்லீரல் வரைக்கும் பரவியிருந்தது. நாமும் அப்படி அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்று அன்றைக்கு மனசில் விழுந்த முடிச்சு அவிழவே இல்லை. நாற்பத்து மூன்று வயதில், அலுவலகத்தில் என் வயதுள்ள ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று கேள்விப்பட்ட வாரத்தில், 388 வெள்ளி கட்டி அந்தப் பரிசோதனைத் தொகுப்பை எடுத்தேன். தைராய்டு ஸ்கேனை இலவசமாகச் சேர்த்துத் தருகிறோம் என்றார்கள். இலவசம்தானே என்று நானும் சரி என்றேன்.

பரிசோதனையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அப்பா கதையைச் சொல்லிவிட்டு எப்படி அப்படிச் சொல்வேன்? ஆனால் எதைப் பரிசோதிக்க வேண்டும் என்பதை விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாற்பது வயதுக்கு மேல் அரசாங்கத்தின் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் ஒரு மருந்தகத்தில், அதாவது கிளினிக்கில், பதிந்துகொண்டால், உங்கள் வயதுக்கு எது தேவை என்று அந்த டாக்டரே சொல்வார். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், ஐம்பதுக்கு மேல் மார்பகமும் பெருங்குடலும். அந்தப் பட்டியலில் தைராய்டு ஸ்கேன் கிடையாது. ஏன் கிடையாது என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாத பெரியவர்களின் கழுத்தை ஸ்கேன் செய்து பார்த்தால் ஏகப்பட்ட பேருக்குக் கட்டி தெரியும், அதில் மிகப் பெரும்பாலானவை காலத்துக்கும் ஒன்றும் செய்யாதவை. தென் கொரியாவில் இப்படிப் பொதுமக்களுக்கு ஸ்கேன் செய்யப் போய், 1993-ல் இருந்ததைப்போல 2011-ல் பதினைந்து மடங்கு பேருக்குத் தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அதனால் இறப்பவர்களின் விகிதமோ மாறவே இல்லை. எத்தனை பேர் தேவையில்லாமல் கத்தி வைத்துக்கொண்டார்கள், எத்தனை பேர் என்னைப்போல ராத்திரி தூக்கம் கெட்டார்கள் என்று நினைத்தாலே எனக்கு மனசு பதறுகிறது.

அந்தச் சனி, ஞாயிறு எப்படிப் போனது என்று விவரமாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. திங்கட்கிழமை அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனேன். டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், குரல் மாறியிருக்கிறதா, விழுங்க முடிகிறதா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். ‘பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனாலும் கட்டியில் ஊசி போட்டுக் கொஞ்சம் செல் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது’ என்று அரசாங்க மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். ஏழு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. ஏழு வாரம்! மனசு கேட்கவில்லை. மறுநாளே தனியார் நிபுணரிடம் போய்விட்டேன். பார்த்த கட்டணம், மறுபடி ஒரு ஸ்கேன், ஊசிப் பரிசோதனை, அதை ஆராய்ந்ததற்கு என்று எல்லாம் சேர்த்து 1,420 வெள்ளி.

அன்றைக்கு நான் பலதுறை மருந்தகத்து டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ‘ஏழு வாரம் காத்திருந்தால் இதனால் ஏதாவது மோசமாகுமா?’ என்பது ஒன்று. ‘எது நடந்தால் நான் காத்திருக்காமல் உடனே வர வேண்டும்?’ என்பது இன்னொன்று. தைராய்டு கட்டி ஒருவேளை புற்றுநோயாகவே இருந்தாலும் பெரும்பாலும் மெதுவாக வளர்கிற வகைதான். ஏழு வாரத்தில் என் கட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பலதுறை மருந்தகத்தின் கடிதத்தோடு போனால் மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். தனியாரில் ஆரம்பித்துவிட்டு நடுவில் மானியத்துக்கு மாற வேண்டுமென்றால் பெரும்பாலும் மறுபடியும் பலதுறை மருந்தகத்துக்குப் போய் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். நான் அதையும் செய்தேன்.

ஊசி போட்ட முடிவு வர ஆறு வேலை நாள் ஆனது. அந்த ஆறு நாளில்தான் கண்ணாடிப் பழக்கம் ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்கு மேலே ஒரு வெள்ளை விளக்கு உண்டு. கதவைத் தாழ் போட்டுவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரோடு அதன் முன்னால் நிற்பேன். தலையை அண்ணாந்து ஒரு மடக்கு குடிப்பேன், விழுங்கும்போது கட்டி ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் இரண்டு விரலால் அந்த இடத்தை அழுத்துவேன். நேற்றைவிடப் பெரிசாகிவிட்டதோ? நேற்று வலிக்கவில்லையே, இன்றைக்கு ஏன் வலிக்கிறது? அழுத்தி அழுத்தி அந்த இடம் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து கிடக்கும். துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவேன். ‘கொசு கடிச்சிருச்சா?’ என்று கணவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

முடிவு வந்தது. சாதாரணக் கட்டி. ஆறு பிரிவுகளில் அது இரண்டாம் பிரிவு, புற்றுநோய் இல்லை என்பதற்கான பிரிவு. ஒரு வருஷம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்தால் போதும் என்றார் நிபுணர். தேக்காவில் இறங்கி வீரமாகாளியம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு, அம்மாவுக்குப் பிடித்த மல்லிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த நிம்மதி சரியாக நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி படுத்திருக்கும்போது ஒரு எண்ணம் வந்தது. ஊசி சரியான இடத்தில்தான் போயிருக்குமா? எழுந்து கைபேசியை எடுத்தேன். ஊசிப் பரிசோதனை தவறிப்போவதும் அபூர்வமாக உண்டு என்று எங்கோ ஒரு வரி. அந்த ‘அபூர்வமாக’ என் கண்ணில் படவே இல்லை, ‘உண்டு’ மட்டும்தான் பட்டது. மனசு கேட்கவில்லை. வேறொரு நிபுணரிடம் இரண்டாவது கருத்து, 210 வெள்ளி. அவரும் அதையேதான் சொன்னார். இந்தத் தடவை நிம்மதி இரண்டே நாள்.

இந்த இடம்தான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு டாக்டரும் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லும்போது பயம் தணிகிறது. தணிந்ததால், அடுத்த தடவை பயம் வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்று மனசு பழகிக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் நிம்மதி கொஞ்சம் குறைவான நாள் தங்குகிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுவது மாதிரிதான். நான் தேடிக்கொண்டிருந்தது கட்டிக்கு மருந்து இல்லை. ‘உனக்கு ஒன்றுமே வராது’ என்று யாராவது முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும் என்று தேடினேன். அப்படி ஒரு தாளை எந்த ஆஸ்பத்திரியும் யாருக்கும் கொடுக்க முடியாது.

ஏப்ரல் வாக்கில் பயம் கழுத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. இதயம் ஒரு துடிப்பு தவறி, அடுத்தது தொம் என்று விழுகிற மாதிரி இருக்கும். கையில் கட்டியிருந்த கைக்கடிகாரம் இதயத் துடிப்பைக் காட்டுகிற வகை. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பேன், 96. ஏன் 96? பார்த்ததால் பயம், பயத்தால் 110, அதைப் பார்த்து இன்னும் பயம். ஜூலையில் ஒரு தடவை அவசரப் பிரிவுக்குப் போய் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அப்போதும் அடங்காமல் தனியார் இதய நிபுணரிடம் எக்கோ, நடைக்கருவிப் பரிசோதனை, 24 மணி நேர ஹோல்டர் கருவி என்று 1,350 வெள்ளிக்குப் பார்த்தேன். சில கூடுதல் துடிப்புகள் இருந்தன, நல்ல ஆரோக்கியமான இதயத்திலும் அது சகஜம் என்றார். ஆகஸ்ட்டில் தலைவலி, மூளைக்கு எம்ஆர்ஐ, 870 வெள்ளி. இதற்கு நடுவில் வீட்டுக்குக் கீழேயும் ஆபீசுக்குப் பக்கத்திலும் என்று நான்கு வெவ்வேறு மருந்தகங்களில் பதினொரு தடவை, 600 வெள்ளிக்கு மேல். ஒரே இடத்துக்குப் போனால் ‘மறுபடியுமா?’ என்பார்களோ என்ற கூச்சத்தில்தான் மாற்றி மாற்றிப் போனேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. புதிதாகப் பார்க்கிற டாக்டருக்கு என் பழைய கதை தெரியாது, நெஞ்சு வலி என்று சொன்னால் அவர் பரிசோதனைக்கு எழுதத்தான் செய்வார். பதினொரு தடவையும் ஒரே டாக்டரிடம் போயிருந்தால் நான்காவது தடவையே அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பார்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கணவருக்கு சாங்கியில் ஷிப்ட் வேலை, பாதி நாள் ராத்திரி வேலை. அம்மாவிடம் சொன்னால் அப்பா ஞாபகம் வந்து உடைந்துவிடுவார். பையனுக்கு அந்த வருஷம் தொடக்கநிலை 6, பிஎஸ்எல்இ என்கிற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. எல்லாருக்கும் நல்லதுக்கு என்று நினைத்துத்தான் மறைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு முழிப்பு வந்தது. கை விரலெல்லாம் மரத்துப்போய், மூச்சு உள்ளேயே போகாத மாதிரி இருந்தது. கணவர் வேலையில். மறுநாள் காலை பையனுக்குக் கணிதத் தேர்வு. பக்கத்து வீட்டு மலாய் அம்மாவை, நாங்கள் மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், அந்த நேரத்தில் கதவைத் தட்டி எழுப்பினேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. தலையில் துடோங்கைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நான் டாக்சி பிடித்துப் போனேன். இசிஜி எடுத்தார்கள். மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையை, சில மணி நேரம் விட்டு இரண்டு தடவை செய்தார்கள். இரண்டும் சரி. விடியும் நேரத்தில் ஒரு இளம் டாக்டர் வந்து, கணினியில் என் பழைய பதிவைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ‘உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் நன்றாக இல்லை. எத்தனை மாதமாக இப்படி?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

ஏழு மணிக்கு வீடு திரும்பினேன். பையன் சீருடை போட்டு, மக்சிக் ஊற்றிக் கொடுத்த மைலோவை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குடிக்கவில்லை. ‘அம்மா, கேன்சரா?’ என்று கேட்டான். அவன் பாடத்துக்கு வைத்திருக்கிற டேப்லெட்டில் நானும் ராத்திரி தேடியிருக்கிறேன். அவன் எந்த எழுத்தைத் தட்டினாலும் என் தேடல்கள்தான் முதலில் வந்து நிற்கும். ஆறு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் கேட்கப் பயந்து, தேர்வுக்கும் படித்திருக்கிறான். மறைத்தேன், மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதைத் தனியாகச் சுமக்கக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து நம்புங்கள், அவர்களுக்குத் தெரியும். பாதி மட்டும் தெரிவது முழுசாகத் தெரிவதைவிடக் கொடுமை. ‘அம்மாவுக்குக் கட்டி இருக்கு, அது கேன்சர் இல்லை, ஆனா அம்மாவுக்கு ரொம்பப் பயமா இருக்கு, டாக்டரைப் பார்க்கப் போறேன்’ என்று நான்கு வரி சொன்னாலே போதும். அன்றைக்குப் பள்ளிக்குப் போகிற வழியில் அதைத்தான் சொன்னேன்.

அவசரப் பிரிவு டாக்டர் கொடுத்த கடிதத்தோடு அதே வாரம் பலதுறை மருந்தகம். ஏழு கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தது, எத்தனை நாள் கவலையை நிறுத்த முடியவில்லை என்கிற மாதிரி. மொத்தம் 21-க்கு எனக்கு 17 வந்தது. இது உடல்நலத்தைப் பற்றிய மனப்பதற்றம் என்று டாக்டர் சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது. ‘நான் நடிக்கலை டாக்டர், நிஜமாவே நெஞ்சு அடைக்குது’ என்றேன். அவர் சொன்னது: ‘அடைப்பது நிஜம், துடிப்பது நிஜம், மரத்துப்போவதும் நிஜம். பயத்தில் உடம்பு செய்கிற வேலை அது. வலி பொய் என்று நான் சொல்லவில்லை, அதற்குக் காரணம் இதயம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.’ அந்த ஒரு வித்தியாசத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால்! அங்கேயே மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். மனப்பதற்றமும் நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டப் பட்டியலில் இருக்கிறது, அதனால் சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை மெடிசேவ் என்கிற என் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்ட முடிந்தது. முன்னால் செய்த செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

ஆலோசகர் சீனப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருந்தது. முதல் நாள், பயம் வரும்போது எப்படி இருக்கும் என்று கேட்டார். வயிற்றில் புளியைக் கரைக்கிற மாதிரி என்று சொல்ல நினைத்து, அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, நெஞ்செரிச்சலா என்று குறித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பேனாவை வைத்துவிட்டு, ‘முதலில் தமிழில் சொல்லுங்கள், அப்புறம் மெதுவாக எனக்கு விளக்குங்கள்’ என்றார். அதற்கப்புறம் அப்படித்தான் பேசினோம். ஆங்கிலத்தில் வராது என்ற தயக்கத்தில் போகாமல் இருக்காதீர்கள். தமிழ் பேசுகிறவர் கிடைப்பாரா என்று முன்பதிவின்போதே கேளுங்கள், கிடைக்காவிட்டாலும் இப்படி ஒரு வழி உண்டு.

முதல் வேலையாக ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். கழுத்தைத் தொடும்போதெல்லாம் ஒரு கோடு. நான் ஒரு பத்து, பதினைந்து இருக்கும் என்று நினைத்தேன். முதல் நாள் 64 கோடு. கைக்கடிகாரத்தைப் பார்த்தது தனியாக 23. அடுத்த வாரம் வேறொன்று சொன்னார்: இடது முன்கையில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு, கழுத்தை எத்தனை தடவை, எவ்வளவு அழுத்தித் தொடுகிறேனோ அதே மாதிரி அதையும் இரண்டு நாள் அழுத்த வேண்டும். முதல் நாள் சாயங்காலமே அந்த இடம் சிவந்தது. இரண்டாம் நாள் தொட்டாலே வலி, உள்ளே ஏதோ தடித்த மாதிரி. நல்ல கை, நான் அழுத்தியதால் மட்டும் வலிக்கிறது. பேருந்தில் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எட்டு டாக்டர் வாயால் சொல்லி நம்பாததை என் கையே எனக்குச் சொன்னது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைத்தோம், ஒரேயடியாக இல்லை. 64-ஐ ஐம்பதாக்கினோம், பிறகு முப்பது. கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். இணையத்தில் நோய்களைத் தேடுவதை மட்டும் முழுசாக நிறுத்தச் சொன்னார். பயம் வந்தால் அந்த நேரத்தில் அதோடு மல்லுக்கட்டாமல் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி அப்போது கவலைப்பட வேண்டும். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் ஏழு மணிக்கு நோட்டைத் திறந்தால் பாதி வரிக்குப் பயமே வராது. மருந்தகத்து டாக்டர் ஒரே ஒரு தாளில், எது வந்தால் ஆம்புலன்சுக்கு 995-ஐக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்: நெஞ்சை அழுத்துகிற வலி தோளுக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்து, மூச்சு வாங்கினால், ஒரு பக்கம் கை கால் இழுத்தால், பேச்சு குழறினால். குரல் கம்மிப்போய்த் திரும்பாவிட்டாலோ, கட்டி வேகமாகப் பெரிசானாலோ, விழுங்கக் கஷ்டமானாலோ அந்த வாரமே அவரிடம் போக வேண்டும். மற்ற எதுவாக இருந்தாலும் இரண்டு வாரம் பார்ப்பது, சரியாகாவிட்டால் அவரிடமே போவது. அந்தத் தாள் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. மனப்பதற்றம் உள்ளவருக்கும் நிஜமாகவே நோய் வரலாம். அதனால் உடம்பை அடியோடு கவனிக்காமல் விடுவதும் வழி இல்லை. எதைக் கவனிப்பது என்று நிதானமான நேரத்தில், டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்துவைத்திருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அதை முடிவு செய்யக் கூடாது.

மாத்திரையும் எடுத்தேன், செர்ட்ராலின். முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் கூடின, விட்டுவிடலாமா என்று இருந்தது. முதலில் அப்படித்தான் இருக்கும், பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரிந்தபோது, ‘ஏன்டி, பைத்தியக்கார மாத்திரையா?’ என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் காலத்தில் உட்பிரிட்ஜ் மனநல ஆஸ்பத்திரி என்ற பேரைச் சொன்னாலே வாயை மூடிக்கொள்வார்கள். பக்கத்தில் உட்கார வைத்து, அப்பா போனதிலிருந்து என் மனசில் என்ன இருந்தது என்று முதல் தடவையாகச் சொன்னேன். இருபத்து நான்கு வருஷமாக நாங்கள் இரண்டு பேருமே அதைப் பேசியதில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கூட இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணவர் ஆரம்பத்தில் ‘ஒன்னும் இல்லம்மா, டாக்டரே சொல்லிட்டாருல்ல’ என்று நூறு தடவை சொன்னார். பாசத்தில்தான் சொன்னார், ஆனால் அதுவும் இன்னொரு பரிசோதனை மாதிரிதான், பத்து நிமிஷம் தாங்கும். ஆலோசகர் அவரையும் ஒரு நாள் வரச் சொல்லிப் பேசினார். அதிலிருந்து, ‘கட்டி பெரிசாயிருச்சோ?’ என்று கேட்டால் ‘ஆயிருக்கு’ என்றும் சொல்ல மாட்டார், ‘இல்லை’ என்றும் சொல்ல மாட்டார். ‘பயமா இருக்கா? வா, கீழே போயிட்டு வரலாம்’ என்பார். புளோக்குக்குக் கீழே நடப்போம். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த நடைக்காகவே சில நாள் காத்திருக்கிறேன்.

ராத்திரியில் யாரும் இல்லாமல் தவிப்பவர்களுக்கு: 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 2025 ஜூனிலிருந்து இருக்கிறது, எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம். மனநலக் கழகத்தின் 6389 2222, உயிரையே விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 1767, இவையும் 24 மணி நேரம். அந்த எட்டு மாதத்தில், அப்போது இருந்த எண்களில் ஒன்றைக்கூட நான் அழைத்ததில்லை. எனக்கு மனசில் ஒன்றும் இல்லை, உடம்பில்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சொந்தக்காரர் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று கேட்டால் விரல் தானாகக் கழுத்துக்குப் போகும். நோட்டில் கோடு போடுவேன். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று.

2025 மார்ச்சில் ஒரு வருஷத்து ஸ்கேன், இந்தத் தடவை மானியக் கட்டணத்தில். வியாழக்கிழமை எடுத்தார்கள், டாக்டரைப் பார்க்கிற தேதி அடுத்த செவ்வாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமைத்துக்கொண்டிருந்தபோது, முடிவு வந்திருக்கிறது என்று ஹெல்த்ஹப் செயலியில் அறிவிப்பு வந்தது. கை நடுங்கத்தான் செய்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கணவரிடம் கைபேசியைக் கொடுத்தேன். அவர் அதைத் திறக்காமல் அலமாரியில், அந்தக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். செவ்வாய்க்கிழமை டாக்டரோடு சேர்ந்து பார்த்தோம். கட்டி அதே 1.6 செ.மீ.தான். அடுத்த ஸ்கேன் பதினெட்டு மாதம் கழித்து.